யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல கொக்டெயில் எங்கே கிடைக்கும்?

என் மச்சாள் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறாள். போன கிழமை குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: “எடியே, யாழ்ப்பாணத்தில ஒரு நல்ல கொக்டெயில் எங்க கிடைக்கும்? பழைய காலத்து வடிவோட ஒரு இடமா இருக்கவேணும். ஆறுதலா இருந்து கதைச்சுச் சாப்பிடவேணும்.”

கொழும்பிலிருந்து வருகிற நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். இங்கே வேலை செய்கிற இளம் ஆட்களும் கேட்கிறார்கள். அதனால் பதிலை எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். நகரத்துக்குள் என்றால் மகாத்மா காந்தி வீதியில் ஜெட்விங் யாழ்ப்பாணம் ஹோட்டல் இருக்கிறது, 2016இல் திறந்தது. அதன் மொட்டைமாடி பாருக்குப் பொழுதுபட முதல் போங்கள். மேலேயிருந்து பார்த்தால் நகரத்துக் கூரைகளும் அப்பால் கடனீரேரியும் தெரியும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அதே நிறுவனத்தின் நோர்த் கேட் உண்டு. நகரச் சத்தம் வேண்டாம் என்பவர்களுக்குச் சுன்னாகத்தில் தி மார்கோசா. பழைய வளவு வீட்டைப் புதுப்பித்து நடத்துகிறார்கள். முற்றமும் தூண்களுமாகக் குளிர்ச்சியான இடம். நல்லூர்ப் பக்கம் இருக்கும் ஜஃப்னா ஹெரிற்றேஜ் ஹோட்டலில் மதுவும் இல்லை, மச்சமும் இல்லை. கோயில் வீட்டுக்காரரோடு வருகிறவர்களுக்கு அது தோதான இடம்.

காரைநகரில் கடல் நடுவே இருக்கும் ஒல்லாந்தர் காலத்து ஹமன்ஹீல் கோட்டையையும், காங்கேசன்துறைக் கரையில் இருக்கும் தல்செவனவையும் பலர் பரிந்துரைப்பார்கள். முதலாவதைக் கடற்படை நடத்துகிறது, இரண்டாவதை இராணுவம். வலிகாமம் வடக்கில் 1990இல் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடி, இன்றுவரை தங்கள் காணியில் கால் வைக்காத குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தக் கரையில் இருந்து நண்டு சாப்பிட எனக்கு மனம் வராது. ஆகவே என் பட்டியலில் அவை இல்லை.

இடங்கள் இவ்வளவும் இருந்தும் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. நகரத்து ஹோட்டல் ஒன்றில் ஒரு பின்னேரம் மெனுவைப் புரட்டினேன். மொஹீட்டோ இருந்தது. மார்கரீட்டா இருந்தது. கடையில் வாங்கிய நீலச் சிரப்பை ஊற்றிய ஏதோ ஒன்றும் இருந்தது. “பனஞ்சாராயம் இருக்கா தம்பி?” என்று கேட்டேன். பரிமாற வந்த பொடியன் கொஞ்சம் தயங்கி, “அது நாங்கள் வைக்கிறேல்லை அக்கா, ஆக்கள் கேக்கிறேல்லை” என்றான். ஜன்னலுக்கு வெளியே பனைதான் நிற்கிறது. மெக்சிக்கோவில் கத்தாழையிலிருந்து வடித்த ரெக்கீலா மேசைக்கு வருகிறது. வேலிக்கு அப்பால் நிற்கிற மரத்தின் சாறு வரவில்லை.

கொக்டெயில் என்றால் என்ன என்பதற்கு அச்சில் வந்த முதல் விளக்கம் 1806ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் என்ற ஊரின் பத்திரிகை ஒன்றில் வந்தது. ஏதாவது ஒரு மதுசாரம், சீனி, தண்ணீர், கசப்பு. இந்த நாலும் சேர்ந்தால் கொக்டெயில். இன்றைக்கு உலகமெங்கும் பழைய பாணி பார்களில் பெருமையாக ஊற்றிக் கொடுக்கும் ‘ஓல்ட் ஃபாஷன்ட்’ கிளாஸுக்குள் இருப்பதும் இதே நாலுதான். இப்போது எங்கள் குடாநாட்டை ஒருக்கால் சுற்றிப் பாருங்கள். இந்த நாலில் எதை நாங்கள் வெளியில் வாங்கவேண்டும்?

மதுசாரத்துக்குப் பனஞ்சாராயம். வடமராட்சியில், பருத்தித்துறைக்குக் கிட்ட இருக்கும் திக்கம் வடிசாலையின் பெயர் எங்கள் அப்பா தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். பனங்கள்ளைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்த சாராயம். தென்னஞ்சாராயத்தைவிட முரட்டு வாசம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதும் பனம்பழத்தை நெருப்பில் சுட்ட மணம் மெல்ல வரும். பழகாதவர்கள் முகம் சுளிப்பார்கள். பழகியவர்களுக்கு வேறு ஒன்றும் பிடிக்காது.

இனிப்புக்குப் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்கும் கருப்பநீரைக் காய்ச்சி, ஓலைக் குட்டானில் வார்த்து எடுப்பது. வெள்ளைச் சீனி வெறும் இனிப்பு. பனங்கட்டியில் இனிப்போடு ஒரு சின்ன உவர்ப்பும், லேசான கருகல் மணமும் உண்டு. அதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காய்ச்சிப் பாணியாக்கி ஒரு போத்தலில் வைத்தால் எந்தப் பாரும் பெருமைப்படும்.

கசப்புக்குத்தான் பலர் யோசிப்பார்கள். யோசிக்கத் தேவையில்லை, முற்றத்தில் வேம்பு நிற்கிறது. பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ கொட்டும். அம்மாமார் அதைக் கூட்டி அள்ளி, காயவைத்து, வடகத்துக்குப் போடுவார்கள். அதே காய்ந்த பூவை ஒரு கைப்பிடி எடுத்து, சாராயத்தில் ஊறப்போட்டு, இரண்டு ஏலக்காயும் ஒரு துண்டு நாரத்தங்காய்த் தோலும் சேர்த்து, சாராயம் நல்ல கபில நிறமாகும்வரை இருட்டில் வைத்து வடித்தெடுங்கள். நாலு துளி போதும். முதலில் கசப்பு நாக்கின் பின்பக்கத்தில் தொட்டுவிட்டுப் போகும்; அதற்குப் பிறகு பூவின் மணம் வரும். எங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். கிளாஸில் 60 மில்லி பனஞ்சாராயம், ஒரு தேக்கரண்டி பனங்கட்டிப் பாணி, வேப்பம்பூக் கசப்பு நாலு துளி, பெரிய ஐஸ்கட்டி ஒன்று. கலக்கிவிட்டு மேலே நாரத்தைத் தோலைப் பிழிந்து போட்டுக் கொடுத்தோம். வாங்கிக் குடித்த சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இதை ஏன் பிள்ளை ஒருத்தரும் விக்கேல்லை?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பதிவு நீள்கிறது.

அதற்கு முன் தோலகட்டியைச் சொல்லாமல் போகக்கூடாது. வசாவிளான் பக்கத்தில், அருட்தந்தை தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைதாசர் ஆச்சிரமம். மௌனமும் செபமும் உடலுழைப்புமாக வாழும் துறவிகள். அவர்கள் செய்யும் நெல்லிரசமும் முந்திரிகை வைனும் யாழ்ப்பாணத்து வீடுகளில் விருந்தாளி வந்தால் அலுமாரியிலிருந்து வெளியே வருகிற சாமான்கள். போர்க்காலத்தில் அந்த ஆச்சிரமமும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மறுபடி தழைத்தது. தோலகட்டி நெல்லிரசத்தில் தேசிக்காய் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, சோடா நிரப்பிக் குடித்துப் பாருங்கள். மது தொடாதவர்களுக்கும் வாகனம் ஓட்டிவந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைவிடச் சிறந்த பானம் இந்த வெய்யிலில் இல்லை. அதிலேயே பனஞ்சாராயம் ஒரு பங்கு சேர்ந்தால் அது வேறு ஒரு நல்ல பானம்.

தெற்கில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஹிரிகெட்டியக் கடற்கரையில் இருக்கும் ஸ்மோக் அன்ட் பிற்றர்ஸ் என்ற பார், உள்ளூர் சாராயத்தையும் உள்ளூர்ச் சாமான்களையும் கொண்டே கலவை செய்து, ஆசியாவின் சிறந்த 50 பார்கள் பட்டியலுக்குள் போனது. அதற்கும் வெகுகாலம் முன்பே, இங்கிலாந்தில் தாக்கரே 1848இல் முடித்த நாவலில் ஒரு பாத்திரம் வொக்ஸ்ஹோல் பூங்காவில் சாராயப் பஞ்ச் குடித்து வெறியில் கிடக்கும். கிழக்கிலிருந்து கப்பலில் போன சாராயத்துக்கு லண்டன் கனவான்களின் மேசையில் அவ்வளவு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு எங்கள் மேசையில் மட்டும் இல்லை.

ஏன் இல்லை? ஒரு பக்கம் ஆசாரம். நாவலர் வழிவந்த சைவ ஒழுக்கம் குடியைக் கண்டித்தது. 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமாரும் அதையே போதித்தார்கள். இரண்டு தரப்பும் ஒத்துப்போன விஷயங்கள் குறைவு. இது அதில் ஒன்று. அதில் நியாயமும் உண்டு. குடியால் அழிந்த குடும்பங்கள் என் தெருவிலேயே இருக்கின்றன. போருக்குப் பிறகு வடக்கில் சாராயக்கடைகள் பெருகிய விதத்தை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை. திரை போட்ட இருட்டு அறைக்குள் நின்றபடி அரைப் போத்தலை இறக்கிவிட்டு வெளியேறுகிற பார் எங்கள் ஊருக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. சாப்பாட்டோடு, வெளிச்சத்தில், ஆறுதலாக ஒரு கிளாஸ் குடித்துவிட்டு எழும்புகிற பழக்கம் வேறு. அந்தப் பழக்கத்துக்கு இடமே இல்லாதபடியால்தான் இருட்டு அறை நிரம்புகிறது என்பது என் எண்ணம்.

மறுபக்கம் இருப்பது சாதி. இதைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் ‘பழைய பாணி’ பற்றிக் கதைப்பது நேர்மையில்லை. கள்ளுச் சீவுகிறவனைத் தாழ்த்தி வைத்தோம். அவன் இறக்கிய கள்ளை மட்டும் குடித்தோம். வேலிக்கு வெளியே நிறுத்தி, எட்ட நின்று பிளாவில் ஊற்றச் சொல்லிக் குடித்தோம். அவன் நகரத்துக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கக் கடைக்குள் போனால் உள்ளே இருக்கவிடவில்லை. அவனுக்கென்று தனிக் குவளை வைத்தோம். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்தது. அதற்குப் பிறகுதான் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தேத்தண்ணிக்கடைப் பிரவேசத்தையும் கோயில் பிரவேசத்தையும் ஊர் ஊராக நடத்தியது. ஒரு மேசையில் இருந்து ஒரு கிளாஸில் குடிப்பதற்காக இந்த மண்ணில் ஆட்கள் அடிபட்டிருக்கிறார்கள், உயிரும் விட்டிருக்கிறார்கள்.

ஆகவே பழைய காலத்து வடிவோடு ஒரு இடம் வேண்டும் என்று கேட்கிறபோது, எந்தப் பழைய காலம் என்று கேட்கவேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கனவான் பாணியும் இங்கே இருந்தது. லெனார்ட் வுல்ஃப் 1905இல் இளம் அதிகாரியாக யாழ்ப்பாணம் வந்து கோட்டை மதிலுக்கு மேலிருந்த பங்களாவில் தங்கினார். பின்னேரம் ரெனிஸ், இருண்டபின் கதிரைகளை வட்டமாகப் போட்டு விஸ்கி சோடா. அந்த வட்டத்துக்குள் வெள்ளைக்காரர் மட்டும். அந்த வாழ்க்கையின் வெறுமையை அவரே பிற்காலத்தில் தன் வரலாற்றில் எழுதிவிட்டார். கோட்டைக்குள் இருந்த ராசமாளிகை 1990 முற்றுகையில் இடிந்துபோனது. பித்தளை விளக்கும் பிரம்புக் கதிரையும் அந்தக் காலப் புகைப்படமும் சுவரில் மாட்டி அதைத் திரும்பக் கொண்டுவருவதில் எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

எங்களுக்கென்று ஒரு கனவான் சாப்பாட்டு மரபு இருக்கிறது. பெரியகடையில் மலாயன் கபேக்குப் போங்கள். மாபிள் பலகை போட்ட மேசை, கண்ணாடி பதித்த நீண்ட மர அலுமாரி, வாழையிலையில் சோறு. சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்துக்கொண்டுபோய்க் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள துளையில் போட்டுவிட்டு வரவேண்டும். ஒருவரும் அவசரப்படுத்தமாட்டார்கள், ஒருவரும் சத்தம் போடமாட்டார்கள். மலாயாவுக்கு ரெயில்வேயிலும் கந்தோரிலும் வேலைக்குப் போய், பென்சனோடு திரும்பி வந்து, ஊரில் வீடு கட்டி, வெள்ளை வேட்டியோடு விறாந்தையில் பேப்பர் படித்த ஒரு தலைமுறை யாழ்ப்பாணத்தில் இருந்தது. அந்தக் காலத்து ஒழுங்கு அந்தக் கடையின் கதிரைகளில் இன்னும் இருக்கிறது.

கூல் பார் இன்னொன்று. வெளியூர்க்காரருக்கு இது விளங்குவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு பின்னேரம் ‘பாருக்கு’ப் போகிறது என்றால் அது கூல் பார்தான். நல்லூரில் ரியோ ஐஸ்கிறீம் கடைக்கு முன்னால் திருவிழாவின் 25 நாளும் நின்று பாருங்கள். அப்பம்மா, மருமகள், பேரப்பிள்ளைகள், காதலர்கள், காம்பஸ் பெட்டையள், வெளிநாட்டிலிருந்து வந்த சித்தி, எல்லாரும் ஒரே மேசைகளில். உயரமான கிளாஸில் அடுக்கடுக்காக ஐஸ்கிறீமும் ஜெலியும் பழமும் கஜுவும் போட்டு, நீளக் கரண்டியோடு கொண்டுவந்து வைக்கிறார்கள். அதைச் செய்கிறவரின் கையைக் கவனியுங்கள். எது அடியில், எது மேலே, எவ்வளவு சிரப் என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கலவைக் கலை எங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது. பெண்கள் தயங்காமல் வந்து ஆறுதலாக இருக்கிற இடம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கும் அதுவே மாதிரி.

பெண்கள் என்றதும் சட்டத்தையும் சொல்லவேண்டும். இலங்கையில் பெண்கள் மது வாங்குவதையும், மது விற்கும் இடங்களில் வேலை செய்வதையும் தடுக்கும் மதுவரி அறிவித்தல் 1979இல் வந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறவைத்தார். கள்ளுப் போட்டு அப்பத்துக்கு மா புளிக்கவைப்பது பெண். வீட்டில் நெல்லிரசம் காய்ச்சுவது பெண். வேப்பம்பூக் கூட்டி அள்ளுவது பெண். கிளாஸில் ஊற்றிக் கொடுக்கிற வேலைக்கு மட்டும் அவள் ஆகாதாம். இது மாறவேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அப்பத்துக்குக் கள்ளுக் கொண்டுவரும் அண்ணையிடம் ஒருநாள் கேட்டேன், எந்தக் கள்ளு நல்லது என்று. “ஆண்பனைக் கள்ளு ஒரு ருசி, பெண்பனைக் கள்ளு இன்னொரு ருசி பிள்ளை. விடியக் காலமை இறக்கினதை வெய்யில் ஏறமுதல் குடிச்சிட வேணும். பின்னேரம் கேட்டியளெண்டால் அது புளிச்ச தண்ணிதான்” என்றார். வைன் பற்றிப் பெரிய ஆட்கள் மணிக்கணக்கில் கதைப்பார்களே, மண், வெய்யில், பருவம் என்று. அந்த அறிவு முழுவதும் தளைநாரோடும் பாளைக்கத்தியோடும் காலையும் மாலையும் மரமேறுகிற இந்த மனிதரிடம் இருக்கிறது. தை, மாசியில் தொடங்கி ஆடி மட்டும் பாளை கள்ளுத் தரும். பாளையைச் சரியான பருவத்தில் தட்டி, மெல்லிய சீவலாகச் சீவவேண்டும். கூடச் சீவினால் பாளை வீண், குறையச் சீவினால் கள்ளு வராது. அவருடைய மகன் மரம் ஏறுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்களாம்.

போரில் இலட்சக்கணக்கான பனைகள் போயின. காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் குற்றியாகத் தறித்தார்கள், ஷெல் விழுந்து தலை போனவை வேறு. போருக்கு முன்பே, 1978இல், பனை அபிவிருத்திச் சபை வந்தது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளை நடத்துகின்றன. மரம் திரும்ப வளரும், வடலி எழும்பும். ஏறுகிற கை நின்றுபோனால் பனஞ்சாராயமும் இல்லை, பனங்கட்டியும் இல்லை, நல்ல அப்பமும் இல்லை. ஒரு கிளாஸ் நல்ல விலைக்குப் போகிற இடம் வந்தால், அந்த விலையில் நியாயமான பங்கு மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தால், மகன் ஏறுவான் என்றே நான் நம்புகிறேன்.

ஹோட்டல் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மெனுவில் ஒரு பக்கம் பனைக்கு ஒதுக்குங்கள். கள்ளு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று எழுதுங்கள். கூடவே ஒடியல் கூழை ஒரு சின்னக் கிண்ணத்தில், நண்டும் இறாலும் பயித்தங்காயும் தெரிய, சூடாகக் கொடுங்கள். கணவாய்ப் பொரியலும் புழுக்கொடியலும் கடிப்பதற்கு வையுங்கள். மரக்கறிக்காரருக்கு வேப்பம்பூ வடகம் போதும். சுவரில் வெள்ளைக்காரன் படம் வேண்டாம். ஒரு திண்ணையும், நல்ல காற்றும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரக்கூடிய வெளிச்சமும் இருந்தால் சரி.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை யாழ்ப்பாணத்தில் எந்தப் பாருக்குப் போனாலும், ஓடர் கொடுக்க முதல் “பனஞ்சாராயம் இருக்கா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் முகாமையாளரைக் கூப்பிட்டு ஏன் இல்லை என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆட்கள் கேட்பதில்லை என்ற பதிலை இனி ஒருவரும் சொல்லாதபடி எல்லாரும் கேளுங்கள். போயா நாளில் மது விற்பனை இல்லை, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த நாளிலும் இல்லை. குடித்தால் வாகனத்தைத் தொடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்தியிலும் ஓட்டோ கிடைக்கும்.